பிரீசர் பெட்டியை எப்போது அனுப்பலாம்

ஆடி 1, வியாழன்

ஏ பூசணி,

ஊர் முன்னால் உன்னை ஏங்க, என்னங்க என்றுதான் கூப்பிட்டேன். பூசணி என்பது கதவைச் சாத்திய பிறகுதான். இப்போது எந்தக் கதவைச் சாத்த? அதனால் பட்டப்பகலில் கூப்பிடுகிறேன். கோபம் வந்தால் எழுந்து வந்து திட்டு.

உன் தங்கச்சி மகள் ரூபிகா கோயமுத்தூரிலிருந்து வந்திருக்கிறாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன் என்று கம்பெனியில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். எல்லாம் உன் போனுக்காக. பங்குனியில் நீ போனதிலிருந்து கடைப் போனை நான் எடுப்பதில்லை. எடுத்ததும் எல்லோரும் கேட்பது, "அண்ணன் இருக்காரா?" என்றுதான். இல்லை என்று ஒரு ஆளுக்குச் சொல்லலாம், ரெண்டு ஆளுக்குச் சொல்லலாம். பந்தல், பாத்திரம், நாற்காலி என்று வாடகைக்கு விடுகிற கடைக்கு ஊரே கூப்பிடும். போனை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டேன். அரிசிக்குள் கிடந்து அலறியது.

உன் தம்பி அழகுராசு வந்து சட்டம் பேசிவிட்டுப் போனான்.

"மதினி, ஆவணி மொத முகூர்த்தத்துக்குள்ள கடை ஒழுங்கா நடக்கணும். இல்லேன்னா பந்தல் பாத்திரத்தை எல்லாம் மொத்தமா ஒருத்தர்கிட்ட தள்ளிட்டு நீங்க எங்க வீட்டோட வந்துருங்க. என் வீட்டுக்காரிக்கும் அடுப்படியில ஒத்தாசைக்கு ஆள் இல்ல."

அவன் வீட்டு அடுப்படியை நீ பார்த்திருக்கிறாய். அதற்கு நீ போன இடமே தேவலை.

ஆகவே இனி வாட்சப்பில் யார் என்ன கேட்டாலும் ஏஜென்ட் என்று ஒரு மிசின் பதில் சொல்லும். ஏஜென்ட் என்றால் நம்மை ஏமாற்றிய சீட்டுக்காரன் மாதிரி இல்லையாம், இது நல்ல ஜாதியாம். ஆனால் கை கால் கிடையாது. அதனால் டூல் கொடுக்க வேண்டும் என்கிறாள். நம் கடையில் டூல் என்றால் ஸ்பேனர். இவள் சொல்வது வேறு. விலை சொல்வது ஒரு டூல், ஆர்டர் எழுதுவது ஒரு டூல், வண்டியை அனுப்புவது, மெக்கானிக்கைக் கூப்பிடுவது, நன்றி சொல்வது, பிரீசர் பெட்டி அனுப்புவது, எல்லாம் டூல். ஒவ்வொன்றுக்கும் கீழே, இது என்ன வேலை, எப்போது செய்யலாம், எப்போது செய்யக்கூடாது என்று விளக்கம் எழுத வேண்டும். எழுத வேண்டியது நான்.

"நீயே எழுதேன்டி, படிச்ச பிள்ள" என்றேன்.

"எனக்குப் பந்தலைப் பத்தி என்ன அத்தை தெரியும்? நான் எழுதுனா அதுவும் என்னை மாதிரியே பேந்தப் பேந்த முழிக்கும்."

அது செய்கிற தப்பையெல்லாம் தினமும் எழுதி வையுங்கள் என்று இந்த டைரியைக் கொடுத்தாள். உரக்கடை டைரி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பூச்சி படம்.

ஆடி 2, வெள்ளி

நாள் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். பந்தல்: பந்தல் போடுவது. வண்டி: பந்தல் கேட்டால் வண்டியை அனுப்புவது. நன்றி: சாமான் திரும்பி வந்ததும் நன்றி சொல்வது.

ரூபிகா படித்தாள். "பந்தல்னா என்னன்னு கேட்டா பந்தல்ங்குறீங்க. போதும் அத்தை, ஓட்டிப் பார்ப்போம், அடிபட்டா தெரியும்" என்றாள்.

உன் குடும்பத்து வாய்.

ஆடி 5, திங்கள்

அடிபட்டது.

அஞ்சல் ஆபீஸ் தெருவில் தமயந்தி டீச்சர். மாடியில் தண்ணீர்த் தொட்டி வேலை நடக்கிறது, வெயிலுக்குச் சின்னதாக ஒரு பந்தல் போட்டால் என்ன ஆகும் என்று காலையில் வாட்சப்பில் கேட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விட்டார். கேட்டது விலை. மிசின் விலையையும் சொல்லி, வண்டியையும் அனுப்பிவிட்டது. நம் டிரைவர் முத்திருளாண்டியைத்தான் தெரியுமே. முப்பது வருசமாக நீ சொன்னதை ஏன் என்று கேட்காமல் செய்த மனுசன், மிசின் சொன்னதையும் கேட்கவில்லை. வாசலை அடைத்துப் பந்தல் போட்டு, சீரியல் லைட்டு கட்டி, பழக்க தோசத்தில் ரெண்டு வாழை மரத்தையும் கட்டிவிட்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் டீச்சர் கடைக்கு வந்தார். முகம் வெந்த பீட்ரூட் மாதிரி.

"ஏம்மா, ஆடி மாசத்துல என் பொண்ணுக்குக் கல்யாணம் வச்சுட்டேன்னு தெருவே வந்து நிக்குது! மாப்பிள்ளை யாருன்னு கேக்குறாங்க. என்ன அவசரம்னு கேக்குறாங்க. நான் என்னன்னு சொல்ல?"

முத்திருளாண்டி வாழை மரத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றார். "குலை தள்ளுன மரம்ங்க டீச்சர். நல்ல மரம்" என்றார். ஆறுதலாம்.

டீச்சரைச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு நான் மிசினைத் திட்டினேன். ரூபிகா, "அது பாவம் அத்தை. பந்தல் கேட்டா வண்டியை அனுப்புன்னு எழுதுனது யாரு?" என்றாள். நான்தான். இருந்தாலும் அதற்கு அரைவேக்காடு என்று பெயர் வைத்தேன்.

திருத்தி எழுதியது: "விலை கேட்பவரெல்லாம் வாங்குகிறவர் இல்லை. சும்மா கேட்பார்கள். தேதி சொல்லி, தெரு சொல்லி, போட்டுருங்க என்று வாயால் சொன்னால்தான் வண்டி. சந்தேகம் வந்தால் திரும்பக் கேள். கேட்டால் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடாது."

கடைசி வரியை எடுத்துவிடவா என்றேன். இருக்கட்டும் என்றாள்.

ஆடி 6, செவ்வாய்

மாரியம்மன் கோவில் கூழுக்கு நாலு அண்டா. அரைவேக்காடே பேசி, அதுவே அனுப்பியது. தப்பில்லை. நான் பாராட்டவில்லை, தலையில் ஏறிவிடும்.

ஆடி 8, வியாழன்

"பெட்டிக்கு மட்டும் விளக்கம் எழுதாம விட்டுருக்கீங்களே" என்று ரூபிகா கேட்டாள்.

அவளுக்குத் தொழில் தெரியாது. ஆடியில் கல்யாணம் கிடையாது. சாவுக்கு ஆடி, ஆவணி கிடையாது. ஆடியில் நமக்குச் சோறு போடுவது பிரீசர் பெட்டி. ஒரு துக்க வீட்டுக்கு யார் பெட்டி கொடுத்தாரோ அவரிடம்தான் சாமியானா, நாற்காலி, பதினாறாம் நாள் பாத்திரம் வரைக்கும் எடுப்பார்கள்.

அது ரிப்பேர் என்றேன்.

"என்ன ரிப்பேர்?"

"கம்ப்ரசர்."

பெட்டி கடைக்குப் பின்னால் கிடக்கிறது. மேலே நம் பவானி ஜமக்காளத்தைப் போர்த்தியிருக்கிறேன், தூசி படக்கூடாது என்று. தூசி பட்டால் கம்ப்ரசருக்கு ஆகாது.

அவள் முத்திருளாண்டியைப் பார்த்தாள். போன வாரம்தான் அவர் அதன் சக்கரத்துக்கு எண்ணெய் விட்டார். கரண்ட் கம்பியில் இருந்த காக்காயைப் பார்த்துக்கொண்டு, "ஆமா பாப்பா, ரிப்பேருதான்" என்றார்.

இன்றைக்கு அவருக்கு ரெண்டு வடை கூட வைத்தேன். மாவு மிச்சம் இருந்தது.

பெட்டிக்கு எழுதியது: "அனுப்பாதே."

ஆடி 12, திங்கள்

இதைக் கேள். நீ இருந்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டிருப்பாய்.

சொக்கலிங்கபுரத்தில் ஒரு துக்க வீட்டுக்கு நாற்காலி போனது. வேறு கடையில் பெட்டி எடுத்தவர்கள், அந்தக் கடையில் நாற்காலி தீர்ந்துபோனதால் நம்மிடம் வந்தார்கள். காரியம் முடிந்து நாற்காலி திரும்பி வந்தது. உடனே அரைவேக்காடு அந்த வீட்டுப் பெரியவருக்குச் செய்தி அனுப்பிவிட்டது: "எங்களைத் தேர்ந்தெடுத்ததற்கு நன்றி. நிகழ்ச்சி சிறப்பாக நடந்திருக்கும் என நம்புகிறோம். உங்கள் வீட்டு அடுத்த நிகழ்ச்சிக்கும் எங்களையே அழையுங்கள்." பக்கத்தில் ஒரு பூங்கொத்து.

பெரியவர் மொட்டைத் தலையோடு கடைக்கே வந்துவிட்டார். போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"அடுத்த நிகழ்ச்சியாமுல்ல? அடுத்தது யாருன்னு நீங்களே சொல்லிருங்க தாயி, ஆளைத் தயார் பண்ணி வைக்கிறேன். போனது எங்கப்பாரு. இனி வரிசைக்கு நான்தேன் நிக்கேன்."

துக்க வீட்டில் யாராவது போயிட்டு வாரேன் என்று சொல்வார்களா? முத்திருளாண்டிகூட அங்கே சாமானை ஏற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்துவிடுவார். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்த சங்கதியை எவளாவது எழுதி வைப்பாளா? அதனால் நான் எழுதவில்லை. எழுதாததால் அதற்குத் தெரியவில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்கப் பொத்துக்கொண்டு வந்தது. பெரியவர் முறைத்தார். பிறகு அவருக்கும் தோள் குலுங்கியது. "எங்கப்பாரு கேட்டுருந்தா எந்திரிச்சு உக்காந்துருப்பாரு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பங்குனிக்குப் பிறகு நான் இப்படிச் சிரித்ததில்லை என்று ரூபிகா சொன்னாள். எனக்கு என்ன, கணக்கா வைத்திருக்கிறேன்.

திருத்தம்: "துக்க வீட்டுக்கு நன்றி சொல்லாதே. மீண்டும் வாருங்கள் என்று சொல்லவே சொல்லாதே. பூ அனுப்பாதே. வேலை முடிந்ததும் பேசாமல் இரு."

ஆடி 15, வியாழன்

அரைவேக்காடு என்னை மாட்டிவிட்டது.

பந்தல்குடிப் பக்கமிருந்து ஒருவர் பெட்டி கேட்டிருக்கிறார். அது அனுப்பிய பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பெட்டி கடையில் உள்ளது. ஆனால் அனுப்ப வேண்டாம் என்று எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. காரணம் எனக்குத் தெரியவில்லை. வருந்துகிறேன்."

கேட்டவர் அழகுராசுவின் மச்சானுக்குச் சினேகிதராம். மத்தியானத்துக்குள் அழகுராசு வந்து குதித்தான்.

"மதினி, மிசின் நெசம் பேசுது, நீங்க பொய் பேசுறீக! பெட்டியை உள்ள வச்சுக்கிட்டு இல்லேங்குறது என்ன தொழில்? அண்ணன் பேரு என்னத்துக்காகும்?"

"ரிப்பேருன்னு எழுத மறந்துட்டேன்" என்றேன். அவன் ஜமக்காளத்தைப் பார்த்தான். பக்கத்தில் போகவில்லை. அவனும்தானே உன்னை அதிலிருந்து தூக்கினான்.

அவன் போனதும் விளக்கத்தை மாற்றினேன். "பெட்டி பழுது. அனுப்பாதே." இப்போது காரணமும் இருக்கிறது. தொலையட்டும்.

ஆடி 16, வெள்ளி

கருவேப்பிலை இல்லாமல் ரசம். ரூபிகா முகத்தைச் சுளித்தாள். உன் நாக்கும் இதே நாக்கு.

ஆடி 17, சனி

காலையில் மெக்கானிக் சிக்கந்தர் பையோடு வந்து நின்றார். நான் கூப்பிடவில்லை.

"உங்க கடை போன்லருந்துதான்க்கா மெசேஜ் வந்துச்சு. பிரீசர் பெட்டி பழுது, உடனே வரவும்னு."

பழைய விளக்கத்தை எடுத்துப் பார்த்தோம். மெக்கானிக் டூலுக்கு நானே எழுதியிருக்கிறேன்: "எந்தச் சாமான் பழுது என்றாலும் உடனே மெக்கானிக்கைக் கூப்பிடு. என்னைக் கேட்டுக்கொண்டு நிற்காதே." பெட்டி பழுது என்றும் நானே எழுதினேன். ரெண்டையும் சேர்த்துப் படித்துவிட்டது. அரைவேக்காடு என்று பெயர் வைத்தவளைச் சொல்ல வேண்டும்.

வேண்டாம் என்று சொல்லி வாயை மூடுவதற்குள் சிக்கந்தர் ஜமக்காளத்தை மடித்து ஓரமாக வைத்து பிளக்கைச் செருகிவிட்டார். பெட்டி ஜம்மென்று ஓடியது. கண்ணாடி மூடி கொஞ்ச நேரத்தில் வெளுத்தது.

"அக்கா, ஒரு குறையும் இல்ல. கம்ப்ரசர் புதுசு மாதிரி ஓடுது. யாரு பழுதுன்னு..."

முத்திருளாண்டி தொண்டையைச் செருமினார். சிக்கந்தர் அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினார். ஜமக்காளத்தை எடுத்து, நான் போர்த்தியிருந்ததைவிட ஒழுங்காக, நாலு முனையும் இழுத்துவிட்டுப் போர்த்தினார். "டீ மட்டும் குடிச்சிட்டுப் போறேங்க்கா" என்றார். சீனி போட மறந்துவிட்டேன். அவரும் கேட்கவில்லை.

அப்புறம் ரூபிகா தானே உட்கார்ந்து பெட்டி விளக்கத்தை மாற்றினாள். எனக்குப் படித்துக் காட்டினாள்: "பெட்டி நன்றாக இருக்கிறது. யாராவது கேட்டால் நீயாக முடிவு செய்யாதே. அத்தையைக் கேள். அத்தை சொல்லும் வரை காத்திரு."

"இதுல பொய்யும் இல்ல, உத்தரவும் இல்ல. இப்போதைக்குப் போதுமா அத்தை?"

பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ம் என்றேன்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. புளிச்சோறு, எண்ணெய் மிதக்க. உன் பங்கையும் சேர்த்து முத்திருளாண்டி சாப்பிட்டார்.

ஆடி 24, சனி

இந்த வாரம் அரைவேக்காடு ரெண்டு வீட்டுக்குப் பெட்டி அனுப்பலாமா என்று என்னைக் கேட்டது. ரெண்டு தடவையும் இல்லை என்று சொல்லச் சொன்னேன். ரெண்டு வீட்டுக்காரர்களும் நாற்காலிக்கும் வரவில்லை.

அழகுராசு ஒரு ஆளைக் கூட்டிவந்தான். கழுத்தில் சங்கிலி, கையில் குடை. வந்தவர் ஒவ்வொரு அண்டாவையும் விரலால் தட்டிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தவர்கள்கூட என்னை இத்தனை தட்டுத் தட்டிப் பார்க்கவில்லை.

"ஈயம் பூசணும் போலயே" என்றார்.

"உங்களுக்கும்தான்" என்றேன். அழகுராசு இருமினான். ஆவணி நாலாம் தேதி முகூர்த்தத்தன்று காலையில் வந்து பேசி முடிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "அதுக்குள்ள பெட்டி ஓடி, கடை ஓடுச்சுன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன் மதினி" என்று படியில் நின்று சொன்னான். கெட்டவன் இல்லை. அடுப்படிதான் கெட்டது.

ஆடி 27, செவ்வாய்

மத்தியானம், உச்சி வெயில். அரைவேக்காடு என் போனுக்கு எழுதியது:

"தையல்கடை செண்பகம். கணவர் இறந்துவிட்டார். மகன் மஸ்கட்டிலிருந்து நாளை இரவுதான் வருகிறார். மற்ற கடைகளில் பெட்டி இல்லை. அனுப்பலாமா?"

செண்பகம் யார் என்று உனக்குத் தெரியும். உன் சட்டை எல்லாவற்றுக்கும் வயிற்றுப் பக்கம் துணி விட்டுத் தைத்தவள். பங்குனியில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைச் சீவிச் சீவி விட்டுக்கொண்டிருந்தாள்.

நான் பதில் போடவில்லை. பருப்பை ஊறப்போட்டேன். முற்றத்தைக் கூட்டினேன். கூட்டியதையே திரும்பக் கூட்டினேன்.

அரைவேக்காடு மறுபடி எழுதியது: "அவர் காத்திருக்கிறார். அவருக்கு நான் என்ன சொல்லட்டும்?"

அது அவசரப்படுத்தவில்லை. திட்டவில்லை. நான் எழுதிக் கொடுத்தபடி திரும்பக் கேட்கிறது, அவ்வளவுதான். முத்திருளாண்டி அந்தத் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தார். "ஐஸ் கட்டிய அடுக்கி வச்சுருக்காங்க தாயி. உருகித் தண்ணி வாசப்படி தாண்டி ரோட்டுக்கு ஓடுது" என்றார். வண்டிச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

ஜமக்காளத்தை எடுத்தேன். கண்ணாடி மூடியில் ஒரு கைத்தடம் இருந்தது, விபூதியோடு. உன் தங்கச்சி விழுந்து அழுதபோது பதிந்தது. ஈரத் துணியால் துடைத்தேன். அந்தத் துணியை இன்னும் அலசவில்லை.

அரைவேக்காட்டுக்கு, "அனுப்பு" என்று எழுதினேன். பிறகு வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்தேன். வாடகைக் கடைக்காரி தானே வருகிறாள் என்று தெரு பார்த்தது. பார்க்கட்டும்.

பெட்டியை இறக்கி, கால் ஆடாமல் செங்கல் கொடுத்து, பிளக்கை மாட்டி, அவரைத் தூக்கி உள்ளே வைத்தார்கள். மூடியைச் சாத்தப் போகும்போது செண்பகம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உள்ள அவருக்குக் குளிராதுல்ல? மார்கழியில ஃபேன் போட்டாலே எங்கூடச் சண்டைக்கு வருவாருக்கா."

"குளிராது" என்றேன். உள்ளே படுத்துப் பார்த்துவிட்டு வந்தவள் மாதிரி சொன்னேன். அவள் கையை விட்டாள்.

வாரேன் என்று சொல்லாமல் வந்தோம்.

ஆடி 30, வெள்ளி

பெட்டி திரும்பி வந்தது. மஞ்சள் தண்ணீர் விட்டுக் கழுவினேன். செண்பகம் வீட்டுக்குச் சாமியானா, நாற்காலி, பதினாறாம் நாளுக்குப் பாத்திரம் எல்லாம் நம்மிடம். அதைப் பார்த்து இன்னொரு வீடு. பெட்டி காய்வதற்குள் மறுபடி போனது. அரைவேக்காடு ஒவ்வொரு தடவையும் என்னைக் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அனுப்பு என்றேன். துக்க வீடுகளுக்கு ஒரு வார்த்தை அனுப்பவில்லை அது. நல்ல பிள்ளை. பெயரை மாற்றலாமா என்று யோசித்தேன். வேண்டாம்.

ஆவணி 4, புதன்

முதல் முகூர்த்தம். காலையில் அழகுராசும் சங்கிலிக்காரரும் வந்தார்கள். கடையில் காட்டுவதற்கு ஒரு கரண்டிகூட இல்லை. மூணு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு துக்கம். அண்டாவெல்லாம் அடுப்பில், நாற்காலியெல்லாம் ஆட்களுக்குக் கீழே. முத்திருளாண்டி போன வண்டி இன்னும் வரவில்லை. தமயந்தி டீச்சர்கூட மாடிக்குப் பந்தல் கேட்டிருக்கிறார், வாழை மரம் வேண்டாம் என்று ரெண்டு தடவை எழுதி.

சங்கிலிக்காரர் காலி ரேக்கைப் பார்த்துவிட்டு, "நேத்தே நான் உங்க போனுக்கு எழுதிக் கேட்டேனே, கடை விலைக்கு வருமான்னு" என்றார். எடுத்துப் பார்த்தோம். அரைவேக்காடு எழுதியிருக்கிறது: "கடையை விற்பதற்கு எனக்கு டூல் எதுவும் கொடுக்கப்படவில்லை. அண்டா, நாற்காலி, சாமியானா வேண்டுமானால் தேதியும் தெருவும் சொல்லுங்கள்."

அழகுராசுவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "என்னமோ பண்ணுங்க மதினி" என்றான். எங்கள் வீட்டோட வந்துருங்க என்று சொல்லவில்லை. ஒரு டீ குடித்துவிட்டுப் போனான்.

ரூபிகா சாயங்காலம் பஸ் ஏறுகிறாள். பையைக் கட்டிவிட்டு வந்து, "ஒண்ணே ஒண்ணு பாக்கி அத்தை. பெட்டிக்கு நான் எழுதுனதுதான் இருக்கு. நீங்க எழுதணும்" என்றாள். எழுதினேன்:

"பிரீசர் பெட்டி. துக்க வீட்டுக்கு மட்டும். யார் கேட்டாலும், எந்த நேரம் கேட்டாலும் அனுப்பு. என்னைக் கேட்க வேண்டாம், காக்க வைக்காதே. முதலில் விலை சொல்லாதே. அவர்களே பெயரும் தெருவும் சொல்வார்கள். அழுதுகொண்டு தப்பாகச் சொல்வார்கள், பொறுமையாகத் திரும்பக் கேள். வெளியூர் ஆட்கள் வந்து முகம் பார்க்கும் வரை இந்தப் பெட்டி உடம்பைக் காக்கும். அதற்கு மேல் இதனால் ஒன்றும் ஆகாது."

"ரொம்பச் சரியா இருக்கு" என்றாள்.

"இன்னொரு வரி இருக்குடி. உள்ளே குளிருமான்னு யாராவது கேட்டா, நீ பதில் சொல்லாதே, என்னிடம் அனுப்பு."

"இதை யாரு அத்தை கேக்கப்போறா?"

"கேப்பாங்க."

அவள் அதையும் சேர்த்துவிட்டுப் போனாள். இப்போது வீட்டில் நான் மட்டும். நான் செண்பகத்துக்குச் சொல்லிவிட்டேன். நாளைக்கு வேறு ஒருத்தி கேட்பாள், அவளுக்கும் சொல்வேன், வாய் கூசாமல். சொல்கிற எனக்குத் தெரிய வேண்டாமா? மத்தவரிடம் கேட்க முடியாது. நீ ஒருத்தன்தான் உள்ளே இருந்தவன். தலைக்கு ஒரு துணிகூடச் சுற்றாமல் அனுப்பிவிட்டார்கள். பூசணி, எனக்காக ஒளிக்காமல் சொல்: குளிருச்சா?